ஒத்தைப் பூவுக்கு ஒரு கோப்பை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டுத்தான் ஆரம்பிக்கணும், பொறுத்துக்கோங்க மக்களே.

ராயகிரில நான் படிச்சப்போ, இங்கிலீஷ் சார் ஒருத்தர் வேர்ட்ஸ்வொர்த்தோட 'டாஃபோடில்ஸ்' கவிதையை நடத்தினார். எந்த வகுப்புன்னு ஞாபகம் இல்ல. மனப்பாடப் பகுதிங்கிறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா ஒப்பிக்கத் தெரியாம வெளிய நின்னவங்கள்ல நானும் ஒருத்தன். முன்வரிசைல இருந்த ஒரு பய எழுந்து, "சார், டாஃபோடில்னா எப்படி சார் இருக்கும்?"னு கேட்டுட்டான். சார் ஜன்னல் வழியா வெளிய பார்த்தார். கிரவுண்டு ஓரத்துல ஆவாரஞ்செடி பூத்து நின்னுச்சு. "அந்தா நிக்குல்லா, அது மாதிரித்தாம்லே. மஞ்சளா இருக்கும்"னுட்டு அடுத்த வரிக்குப் போயிட்டார்.

அன்னைல இருந்து என் மனசுல வேர்ட்ஸ்வொர்த் எங்க ஊர் குளத்தங்கரைல ஆவாரம்பூவுக்கு நடுவுல நடந்துட்டிருந்தார். மேக்கால மலை. தோள்ல ஒரு துண்டு கூட இருந்த மாதிரி ஞாபகம் :-)

பொட்டி தட்டுற வேலைல ஆன்சைட்டுன்னு பர்மிங்ஹாமுக்கு அனுப்பி வச்சாங்க. மார்ச் கடைசில குளிர் லேசா விட்டதும் ரோட்டோரம், ரவுண்டானா, சர்ச் வாசல்னு எங்க பார்த்தாலும் ஒரு மஞ்சப் பூ. ஒத்தத் தண்டு, ஆறு இதழ், நடுவுல லவுட்ஸ்பீக்கர் குழாய் மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது. ரூம் மேட் "இதாண்டா டாஃபோடில்"னான். ஆவாரம்பூவுக்கும் அதுக்கும் மஞ்சளைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்ல. சார் மேல கோவம் வரல. அவரும் பார்த்ததில்ல, அவருக்குச் சொல்லிக்குடுத்தவரும் பார்த்திருக்க மாட்டார்.

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை. பக்கத்து கிராமத்து ஹால்ல டாஃபோடில் கண்காட்சின்னு போர்டு பார்த்துட்டு உள்ள போனேன். நமக்குப் பூக்காட்சின்னா ஊட்டி. 1848ல க்யூ தோட்டத்துல இருந்து வந்த வில்லியம் மெக்கைவர் உருவாக்க ஆரம்பிச்ச தாவரவியல் பூங்கா, அங்க 1896ல தொடங்கின மலர்க் கண்காட்சி. 2023ல நடந்த 125வது காட்சிக்கு வீட்டுல எல்லாரோடயும் போயிருந்தேன். 40 அடி உயரத்துக்குப் பூவாலயே ஒரு மயில் செஞ்சு வச்சிருந்தாங்க. மயில் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். அந்த மயிலுக்குள்ள இருந்த ஒரு பூவையாவது பார்த்தேனான்னு கேட்டா, இல்ல. தனித்தனிச் செடிக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அங்கயும் போட்டி உண்டு, சுழற்கோப்பை உண்டு. ஆனா கூட்டம் நிக்கிறது என்னமோ மயில் முன்னாடிதான்.

இந்த ஹால்ல மயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊர் கல்யாண மண்டபத்துப் பந்திக்குப் போடற மாதிரி நீள மேசைங்க, மேல கறுப்புத் துணி. வரிசையாச் சின்னச் சின்னக் குவளை, ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பூ. சில இடத்துல மூணு. பக்கத்துல ஒரு சீட்டு. இருபது முப்பது பெருசுங்க மூக்குக் கண்ணாடிய ஏத்தி இறக்கிக்கிட்டு, பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்துட்டிருந்தாங்க. சத்தமே இல்ல. ஒரு ஓரத்துல ஒரு தாத்தா (பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவராம்) சின்ன பெயிண்ட் பிரஷ் வச்சு ஒரு பூவோட இதழ்ல இருந்து மகரந்தத்தைத் தட்டிட்டிருந்தார். குழந்தைக்குக் காது குடையற பஞ்சுக் குச்சியால இதழோட சுருக்கத்தை நீவி விட்டார். அப்புறம் பூவை லேசாத் திருப்பி, வெளிவட்டத்து மூணு இதழ்ல ஒண்ணு கடிகாரத்துல 12 இருக்கிற இடத்துல நேரா நிக்கிற மாதிரி வச்சார். அவரு இதுக்கு எடுத்துக்கிட்ட நேரம், என் கல்யாண ரிசப்ஷனுக்கு நான் தலை சீவ எடுத்துக்கிட்டதை விட ஜாஸ்தி.

எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் அவர் கூடப் பேசப் பேச, வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்க, இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய சரித்திரமே இருக்குன்னு தெரிஞ்சது. நம்மள மாதிரி ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்துல கிறுக்குப் பிடிச்சு அலையற ஆளுங்களோட சரித்திரம்.

19ஆம் நூற்றாண்டு பாதி வரைக்கும் இங்கிலாந்துல டாஃபோடிலை யாரும் பெருசா மதிக்கல. காட்டுல தானா வர்ற பூ. வேர்ட்ஸ்வொர்த் தங்கச்சி டோரதியோட அல்ஸ்வாட்டர் ஏரிக்கரைல 1802 ஏப்ரல் 15 அன்னைக்குப் பார்த்தது அந்தக் காட்டுப் பூவைத்தான். டோரதி அதை டைரில எழுதி வச்சாங்க, அண்ணன் ரெண்டு வருஷம் கழிச்சுக் கவிதையாக்கினார், 1807ல புத்தகத்துல வந்துச்சு. (கவிதைலயே பேர் போன ரெண்டு வரி அவர் மனைவி மேரி எழுதிக் குடுத்தது. இதையும் சார் சொல்லல.) தோட்டக்காரங்க கவனம் அப்போ ட்யூலிப், டாலியா, ரோஜா மேல இருந்துச்சு.

அந்தக் காலத்துல இதை ஒட்டுச் சேர்த்து விதை போட்டுப் பார்த்துட்டிருந்தவங்கள்ல முக்கியமானவங்க ரெண்டு பேர். வில்லியம் பேக்ஹவுஸ்னு டர்ஹாம் பக்கத்து பேங்க்காரர் ஒருத்தர். மான்செஸ்டர்ல எட்வர்ட் லீட்ஸ்னு பங்குத் தரகர் ஒருத்தர். ரெண்டு பேருக்கும் பொழைப்பு வேற. லீட்ஸ் வயசாகி முடியாமப் போனப்போ ஒரு நிபந்தனை போட்டார்: என் கிழங்கு மொத்தத்தையும் 100 பவுண்டுக்கு யாராவது எடுத்துக்கணும், இல்லேன்னா தோண்டி அழிச்சிடுங்க. பதறிப்போய் ஆளைச் சேர்த்துக் காசு திரட்டி 1874ல வாங்கினவர் பீட்டர் பார். ஸ்காட்லாந்துல பிறந்து லண்டன் கோவன்ட் கார்டன்ல விதைக்கடை வச்சிருந்தவர். 1629ல ஜான் பார்க்கின்சன் எழுதின தோட்டப் புத்தகத்துல ஏகப்பட்ட வகை டாஃபோடில் இருக்கறதைப் படிச்சுட்டு, அதெல்லாம் எங்கடா போச்சுன்னு தேட ஆரம்பிச்ச மனுஷன். அறுபது வயசை ஒட்டி ஸ்பெயின், போர்ச்சுக்கல் மலைல எல்லாம் ஏறி இறங்கித் தேடினார். சும்மா இல்ல, 'டாஃபோடில் ராஜா'ன்னே பேர் வாங்கினார்.

பார் சேர்த்ததுல ஒரு சிக்கல் வந்துச்சு. ஒரே பூவுக்கு நாலு பேர், நாலு பூவுக்கு ஒரே பேர், எல்லாம் நீள நீளமான லத்தீன்ல. அவர் முயற்சில 1884ல ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி லண்டன்ல டாஃபோடிலுக்குன்னே ஒரு மாநாடு கூட்டுச்சு. தோட்டத்துல மனுஷன் உண்டாக்கின வகைகளுக்கு லத்தீன் வேண்டாம், சாதாரணப் பேரே வைக்கலாம்னு முடிவாச்சு. கேட்கச் சின்ன விஷயம். ஆனா பத்துப் பேர் வேலை பார்க்கிற ப்ராஜக்ட்ல வேரியபிள் பேரை ஆளுக்கொரு மாதிரி வச்சுட்டு மாட்டி முழிச்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

1898ல பர்மிங்ஹாம்ல டாஃபோடிலுக்குன்னு தனிச் சங்கமே ஆரம்பிச்சாங்க. அந்த வருஷக் காட்சில ஜார்ஜ் எங்கிள்ஹார்ட்னு ஒரு பாதிரியார் 'வில் ஸ்கார்லெட்'னு ஒரு பூவைக் கொண்டுவந்து வச்சார். வெளிறின இதழ், நடுக் கிண்ணம் மட்டும் நெருப்பு மாதிரி சிவப்பு. அப்படி ஒரு நிறத்தை அதுவரைக்கும் டாஃபோடில்ல யாரும் பார்த்ததில்ல. மூணே மூணு கிழங்கு 100 பவுண்டுக்கு விலை போச்சு. லீட்ஸோட மொத்தத் தோட்டமும் 24 வருஷம் முன்னாடி போன அதே 100 பவுண்டு! அந்தக் காலத்துல ஒரு பண்ணைக் கூலி வருஷம் பூரா உழைச்சாலும் பார்க்க முடியாத காசு அது.

எங்கிள்ஹார்ட்டைப் பத்தி ஒரு கதை உண்டு. சர்ச் கதவுல "இன்னைக்குப் பூசை கிடையாது, டாஃபோடில் வேலை இருக்கு"ன்னு சீட்டு ஒட்டிட்டுப் போயிருவாராம். நிஜமோ பொய்யோ, அப்படிக் கதை கட்டற அளவுக்கு ஆளு இருந்திருக்கார். விதை போட்டா முதல் பூ பார்க்கவே நாலஞ்சு வருஷம் ஆகும். பூத்ததுல முக்கால்வாசி குப்பைக்குத்தான் போகும். தேறினது ஒண்ணோ ரெண்டோ, அதுவும் கிழங்கு பிரிஞ்சு பிரிஞ்சு கையளவு சேர இன்னும் பத்து வருஷம். இப்படி ஒரு ஆயுசுல நூத்துக்கணக்கான வகை உண்டாக்கினார். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி காட்சில அவர் பேர்ல 1913ல இருந்து ஒரு கோப்பை இருக்கு. தானே விதை போட்டு உண்டாக்கின 12 வகையைக் கொண்டுவந்து வைக்கணும், கடைல வாங்கினது செல்லாது. டாஃபோடில் உலகத்துல அதுக்கு மேல பரிசு இல்லம்பாங்க.

அப்போ எதை வச்சு மார்க் போடறாங்க? இதைத்தான் அந்த பஸ் தாத்தாகிட்ட நானும் கேட்டேன். அவர் சீட்டுல எழுதியிருந்ததைக் காட்டினார்: 2 டபிள்யூ-ஆர். எனக்குச் சட்டுனு ஆபீஸ் ஞாபகம் வந்துருச்சு. 2ங்கிறது பிரிவு. மொத்தம் 13 பிரிவு. நடுக்குழாய் இதழ் நீளத்துக்குச் சமமாவோ கூடுதலாவோ இருந்தா 1. மூணுல ஒரு பங்குக்கு மேல, ஆனா இதழை விடக் குறைவுன்னா 2. மூணுல ஒரு பங்கோ அதுக்கும் கம்மியோன்னா 3. அடுக்குப் பூ 4. இப்படியே போகும். (காட்டுல தானா வளர்றதுக்கெல்லாம் கடைசிப் பிரிவு, 13. வேர்ட்ஸ்வொர்த் பூவுக்கும் அங்கதான் இடம்.) டபிள்யூ-ன்னா இதழ் வெள்ளை, ஆர்-னா கிண்ணம் சிவப்பு. இந்த நிறக் குறியீட்டைக் கொண்டுவந்தவர் அமெரிக்கால அயோவாவுல இருந்த அறுவை சிகிச்சை டாக்டர் டாம் த்ராக்மார்ட்டன். பூ விவரத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு உட்கார்ந்தப்போ, "வெளிர் மஞ்சள்", "இருவண்ணம்"னு இஷ்டத்துக்கு எழுதினா மெஷினுக்குப் புரியாதேன்னு இந்த எழுத்து முறையைக் கட்டினார். 1970கள்ல உலகம் முழுக்க அதுவே ஆயிடுச்சு. பதிவாகியிருக்கிற பேர் இன்னைக்கு முப்பதாயிரத்துக்கும் மேல. நான் ஏதோ பூ பார்க்க வந்தா, இங்கயும் டேட்டாபேஸ்!

மார்க்ல பெரிய பங்கு பூ நிக்கிற நிலைக்கு. கிழிசல், கறை, வாடல் இருக்கக் கூடாது. அப்புறம் வடிவம், நிறம், இதழோட கனம், தண்டு, பூ தலை தூக்கி நிக்கிற தோரணை. தாத்தாவோட பூவும் அவரே விதை போட்டது. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட விதையாம். நடுவர்கள் வந்தாங்க, எங்களை எல்லாம் வெளிய அனுப்பினாங்க, டீயும் கேக்கும் குடுத்தாங்க, திரும்ப உள்ள விட்டாங்க. தாத்தா பூ பக்கத்துல கார்டு எதுவும் இல்ல. குனிஞ்சு பார்த்தார். கீழ் இதழ்ல ஓரமா, கடுகு அளவுக்கு நத்தை கடிச்ச தடம். "எனக்குக் காலைல கண்ணுல படல, அவங்களுக்குப் பட்டிருக்கு. சரிதான்"னார். அவ்வளவுதான் சொன்னார். சண்டை இல்ல, முகம் தூக்கல் இல்ல.

அந்த இடத்துலதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்துச்சு.

எங்க அப்பாவும் பூ விவசாயிதான். நாப்பது சென்ட்ல மல்லி. விடியக்காலம் மூணு மணிக்கு நெத்தில லைட்டைக் கட்டிக்கிட்டு அப்பாவும் அம்மாவும் மொட்டு பறிக்கப் போவாங்க. விரிஞ்சா விலை போயிரும். பறிச்சதை ஈரத்துணில சுத்தி சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பணும். அங்க கமிஷன் கடைல தராசுல கொட்டுவாங்க, கிலோ இவ்வளவுன்னு சீட்டு. ஆடித்தபசு, பொங்கல், முகூர்த்த நாள்னா விலை எகிறும். மத்த நாள் பறிப்புக் கூலிக்கே இழுபறி. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட யாரும் ஒரு தனி மொட்டைக் கையில எடுத்து, "இது நல்லா இருக்கே"ன்னு பார்த்ததில்ல. அப்பாவே பார்த்ததில்ல. பார்த்துட்டு நின்னா விடிஞ்சிரும்.

கொஞ்ச வருஷம் முன்னாடி செடி மஞ்சப் பூத்து, இலை சிறுத்து, மொட்டு குறைய ஆரம்பிச்சது. உரம் பத்தலைன்னு உரம் போட்டார். தண்ணி பத்தலைன்னு தண்ணி விட்டார். கடைசில வேரோட ஒரு செடியைப் பிடுங்கி விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டக் காட்டினப்போதான், வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கு, நூற்புழுன்னு சொன்னார். அதுக்குள்ள முக்கால் தோட்டம் போயிருச்சு. மிச்சத்தையும் பிடுங்கிட்டு எலுமிச்சை வச்சுட்டார். பக்கத்துல புளியங்குடி மார்க்கெட் இருக்கு, தராசு அங்கயும் உண்டு.

இதை ஏன் சொல்றேன்னா, டாஃபோடிலுக்கும் அதே நூற்புழு குலத்துல ஒண்ணால ஆபத்து வந்துச்சு. வேர்ல முடிச்சு விழறது இல்ல, கிழங்குக்குள்ளயே குடியேறுற வகை. முதல் உலகப் போர் சமயம். கிழங்கு எல்லாம் அழுகிச் சாகுது, என்னன்னு தெரியல. பயிர் பண்றவங்க தொழிலையே விட்டுடலாமான்னு யோசிக்கிற நிலைமை. ஆர்.எச்.எஸ். 1916ல விஸ்லி தோட்டத்துல ஒரு பையனை இதைப் பார்க்கச் சொல்லி உட்கார வச்சது. ஜேம்ஸ் கர்க்கம் ராம்ஸ்பாட்டம். வயசு 25. என்னை விடச் சின்னவன். கிழங்கைக் குறுக்க வெட்டிப் பார்த்தா வெங்காயம் மாதிரி அடுக்குல பழுப்பு வளையம், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புழு. மருந்து எதுவும் பலிக்கல. வெந்நீரை முயற்சி பண்ணினான். சூடு கூடினா கிழங்கு வெந்துரும், குறைஞ்சா புழு சாகாது. சோதிச்சுச் சோதிச்சு, 110 டிகிரி ஃபாரன்ஹீட் (நம்ம கணக்குல சுமார் 43 டிகிரி செல்சியஸ்) தண்ணில சில மணி நேரம் கிடந்தா புழு செத்துரும், கிழங்கு பொழைச்சுக்கும்னு கண்டுபிடிச்சான். அவ்வளவுதான் வைத்தியம். சூட்டையும் நேரத்தையும் அங்க இங்க மாத்தி இன்னைக்கும் பெரிய பண்ணைகள்ல இதையே செய்றாங்க. ராம்ஸ்பாட்டம் 1925ல அமெரிக்காவுக்குச் சொற்பொழிவுக்குப் போன இடத்துல செத்துப்போயிட்டார். நாப்பது கூட ஆகல.

ஒரு பூவோட ஓரத்துல கடுகு அளவு கடியைக் கண்டுபிடிக்கிற ஆளுங்க நாட்டுல, இலைல சின்னதா ஒரு தடிப்பு வந்தாலே கவனிக்க நாலு பேர் இருந்திருக்காங்க. கவனிச்சதை எடுத்துட்டுப் போய்க் கேட்க ஒரு சங்கம் இருந்திருக்கு. அது பேங்க்காரரும் பாதிரியாரும் பொழுதுபோகச் சேர்த்த சங்கம்தான், மறுக்கல. அவங்களுக்கு விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிக்கிற கட்டாயம் இல்ல. அதையும் நான் மறக்கல.

காட்சி முடிஞ்சதும் தாத்தா அந்தத் தோத்துப் போன பூவையும் கூட ரெண்டையும் என் கையில குடுத்தார். சாறு கையில பட்டா சிலருக்கு அரிக்கும், துணியால பிடிச்சுக்கோன்னார். ரூமுக்கு வந்து தண்ணி பாட்டில்ல வச்சுட்டு வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா முதல்ல கேட்டது, "வாசம் உண்டாய்யா?" மோந்து பார்த்தேன். இருந்தும் இல்லாத மாதிரி லேசா. "தண்டு வழுவழுன்னு குழாய் மாதிரில்லா இருக்கு, நாருல நிக்காதே, எப்படிக் கட்டுவாவ?" யாரும் கட்ட மாட்டாங்கம்மான்னேன். "பெறவு எதுக்கு வளக்காவ?"

மேல எழுதின கதை எல்லாத்தையும் அப்பாகிட்டச் சொன்னேன். நூறு பவுண்டு கதைக்குச் சிரிச்சார். ராம்ஸ்பாட்டம் கதை வந்ததும் போனைக் கையில வாங்கிக்கிட்டார்.

"ஏலே, அந்த வெந்நீர் வைத்தியம் நம்ம மல்லிக்கு ஆவுமா?"

கிழங்குன்னா தோண்டி எடுத்து முக்கி எடுத்துடலாம்ப்பா, மல்லி புதர்ல்லா, நட்டு நிக்கிற செடி வேரை எப்படி வெந்நீர்ல போடறதுன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். பின்னாடி எலுமிச்சைத் தோட்டத்துல மோட்டார் ஓடற சத்தம் கேட்டுச்சு.

"சரி, அந்தப் பூவைக் கொஞ்சம் கிட்டக் காட்டு. அந்தக் கடி எங்க இருக்குன்னு பாப்போம்."

கேமரா முன்னாடி பிடிச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.